காவற் கருவியின் கதை

தானே இயங்கும் பொறிகளைப் பற்றிப் பேசாதார் இக்காலத்தில் இல்லை. மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பரா வட்டாரத்தில் இரும்புக் கனிமத்தை ஏற்றிச் செல்லும் பெரிய லாரிகள் பலவற்றில் ஓட்டுநர் இல்லை. 2008ஆம் ஆண்டின் இறுதியில் சோதனையாகத் தொடங்கிய இந்த ஏற்பாடு அங்கு இன்று வழக்கமாகிவிட்டது. அவற்றைக் கண்காணிப்போர் ஏறத்தாழ 1,500 கிலோமீட்டருக்கு அப்பால், பெர்த் நகரில், குளிரூட்டிய அறையில் திரைகளின்முன் அமர்ந்திருக்கிறார்கள். புழுதியும் வெடிமருந்தும் பாறைச் சரிவும் அவர்களை அணுகா. மனித உயிரை ஆபத்தின் பக்கத்திலிருந்து விலக்கி வைப்பதைவிடச் சிறந்த பாதுகாப்பு வேறு உண்டோ என்று கேட்கத் தோன்றும்.

கேள்வி நியாயமானதே. ஆயினும் மனிதனை விலக்கும்போது அவனுடைய கண்ணையும் மூக்கையும் காதையும் சேர்த்தே விலக்குகிறோம். அவற்றின் இடத்தில் ஒரு கருவியை வைக்கிறோம். அக்கருவி சொல்வதை உண்மை என்று ஏற்றுக்கொள்கிறோம். அது சொல்வதும் உள்ளே நடப்பதும் ஒன்றாக இருக்கும்வரை தொல்லை இல்லை. அவை இரண்டும் பிரிந்து போன நாட்களின் வரலாறே இக்கட்டுரையின் பொருள்.

சுரங்கத்தில் முதன்முதல் அமைந்த கட்டுப்பாட்டுக் கருவிகளுள் ஒன்று இரும்பாலோ பித்தளையாலோ ஆனதன்று. அது ஒரு சிறுவன். இங்கிலாந்தின் பழைய நிலக்கரிச் சுரங்கங்களில் வெளிக் காற்றை ஒரு குழி வழியாக இறக்கி, சுரங்கப் பாதைகள் எல்லாவற்றிலும் சுற்ற விட்டு, மற்றொரு வழியாக வெளியேற்றுவார்கள். காற்று குறுக்கு வழியில் ஓடிவிடாதபடி ஆங்காங்கே மரக் கதவுகள் உண்டு. கரி வண்டி வரும்போது மட்டும் கதவு திறக்க வேண்டும்; சென்றவுடன் மூட வேண்டும். இந்த வேலைக்குச் சிறு பிள்ளைகளை அமர்த்தினார்கள். கையில் ஒரு கயிறு, சுற்றிலும் இருள், நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம். பிள்ளை கண் அயர்ந்து கதவு திறந்தே கிடந்தால், அதற்கு அப்பாலுள்ள பாதைகளுக்குக் காற்று செல்லாது. அங்கே எரிவாயு தேங்கும். ஒரு சுரங்கம் முழுவதன் உயிரும் ஒரு குழந்தையின் விழிப்பில் தொங்கிக் கொண்டிருந்தது. பிள்ளைகளின் வேலை நிலையை ஆராய்ந்த குழுவின் அறிக்கை 1842இல் வெளிவந்து நாட்டையே திடுக்கிடச் செய்த பிறகுதான், பத்து வயதுக்குட்பட்ட சிறுவர்களையும் எல்லா வயதுப் பெண்களையும் நிலத்தடி வேலையிலிருந்து விலக்கும் சட்டம் பிறந்தது.

இந்த எரிவாயு இன்னதென்று சொல்ல வேண்டும். நிலக்கரியின் இடுக்குகளில் அடைபட்டிருக்கும் மீத்தேன் என்னும் வாயு அது. நிறமில்லை, மணமில்லை. காற்றில் நூற்றுக்கு ஐந்து பங்கிலிருந்து பதினைந்து பங்கு வரை கலந்திருக்கும்போது ஒரு பொறி பட்டால் போதும், வெடித்துவிடும். வெளிச்சமின்றிக் கரி வெட்ட இயலாது. வெளிச்சத்துக்கோ மெழுகுவத்தியை விட்டால் வேறு வழி இல்லை. சில சுரங்கங்களில் ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்ட ஒருவன் தரையோடு தரையாகத் தவழ்ந்து சென்று, நீண்ட கோலின் நுனியில் கட்டிய மெழுகுவத்தியால் கூரையடியில் தேங்கிய வாயுவைக் கொளுத்திவிட்டு வருவான். அவன் திரும்பி வந்தால் மற்றவர்கள் வேலைக்கு இறங்குவார்கள். கார்லைல் ஸ்பெடிங் என்பவர் எஃகுச் சக்கரத்தைச் சிக்கிமுக்கிக் கல்லின்மீது சுழற்றி, பறக்கும் தீப்பொறிகளின் ஒளியில் வேலை செய்ய ஒரு பொறி அமைத்தார். அப்பொறிகள் வாயுவைக் கொளுத்தா என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கை முழு உண்மையன்று. ஸ்பெடிங்கே 1755இல் ஒரு சுரங்க வெடிப்பில் மாண்டார்.

1812 மே 25ஆம் நாள் வட இங்கிலாந்தின் ஃபெல்லிங் சுரங்கம் வெடித்தது. ஆண்களும் சிறுவர்களுமாக 92 பேர் மடிந்தனர். உள்ளே எரிந்த தீயை அணைக்க வேறு வழியின்றிச் சுரங்க வாயில்களை அடைத்தார்கள். ஆறு வாரங்களுக்கும் மேலாகிய பிறகே திறந்து உடல்களை எடுக்க முடிந்தது. அந்த ஊர்த் தேவாலயத்தின் குரு ஜான் ஹாட்ஜ்சன் தாமே அடக்கம் செய்தவர்களைப் பற்றிய விவரத்தை அச்சிட்டு வெளியிட்டார். இத்தகைய செய்திகள் பரவுவதைச் சுரங்க உடைமையாளர்கள் விரும்பாத காலம் அது. அவருடைய எழுத்தின் விளைவாகவும் மக்கள் கவலையின் விளைவாகவும் 1813இல் சண்டர்லந்தில் ஒரு சங்கம் தோன்றியது. சுரங்க விபத்தைத் தடுக்கும் வழியைக் கண்டு சொல்லுங்கள் என்று அது அறிஞர்களை வேண்டிக்கொண்டது.

மூவர் முன்வந்தனர். கிளானி என்ற மருத்துவர் 1813இல் ஒரு விளக்கைச் செய்து காட்டினார். அது பருமனானது, கையாள எளிதன்று. கில்லிங்வொர்த் சுரங்கத்தில் பொறிகளைப் பழுது பார்க்கும் வேலையில் இருந்த ஜார்ஜ் ஸ்டீவன்சன், பிற்காலத்தில் இரயில் வண்டியால் உலகப் புகழ் பெற்றவர், 1815 அக்டோபரில் தாம் செய்த விளக்கை எரிவாயு பீறிட்டு வரும் இடத்துக்கே ஏந்திச் சென்று சோதித்தார். விளக்கு தவறியிருந்தால் அவரும் அன்றே முடிந்திருப்பார். அடுத்த மாதம் லண்டனில் ஹம்ஃப்ரி டேவி தம் ஆராய்ச்சியை ராயல் சொசைட்டியில் வாசித்தார். சுடரைச் சுற்றிக் கம்பி வலை அமைத்தால் உள்ளே வரும் வாயு எரியும், ஆனால் அத்தீ வலையைத் தாண்டி வெளியே பரவாது. வலையின் உலோகம் வெப்பத்தை உறிஞ்சிவிடும் என்பது அவர் வெகு விரைவில் எட்டிய முடிவு. ஒரு சதுர அங்குலத்துக்கு 784 துளைகள் உள்ள வலை அது. 1816 ஜனவரியில் விளக்குச் சுரங்கத்துக்குள் சென்றது.

யார் முதலில் கண்டவர் என்ற வழக்கு நெடுநாள் நடந்தது. டேவிக்கு 2,000 பவுன் பரிசளித்தார்கள். ஸ்டீவன்சனின் ஊரார் தாங்களே நிதி திரட்டி அவருக்கு 1,000 பவுன் அளித்தார்கள். பள்ளிப் படிப்பில்லாத ஒரு சுரங்கத் தொழிலாளி இத்தகைய ஒன்றைக் கண்டிருக்க முடியாது என்று பட்டணத்துப் பெரியவர்கள் வாதாடியதில் அறிவியலைவிடச் சாதிமானமே மிகுந்திருந்தது என்று நாம் நினைக்கிறோம். 1833இல் பாராளுமன்றக் குழு ஒன்று, ஸ்டீவன்சனுக்கும் சம உரிமை உண்டு என்று தீர்த்தது. டேவியின் பெருமையையும் மறக்கலாகாது. தம் விளக்குக்கு அவர் காப்புரிமை பெறவில்லை. எவரும் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

பள்ளிப் பாடநூல்கள் இந்த இடத்தில் கதையை நிறுத்திவிடும். விளக்கு வந்தது, விபத்து ஒழிந்தது என்பது அவற்றின் முடிவு. பதிவேடுகளோ வேறு கதை சொல்கின்றன. சுரங்க விபத்துகளை ஆராய்ந்து 1835இல் அறிக்கை அளித்த பாராளுமன்றக் குழு, டர்ஹம், நார்தம்பர்லந்து ஆகிய இரு மாவட்டங்களின் கணக்கை எடுத்துக்காட்டியது. விளக்கு வருவதற்கு முந்திய பதினெட்டு ஆண்டுகளில் அங்கு மாண்டவர் 447 பேர். விளக்கு வந்தபின் பதினெட்டு ஆண்டுகளில் மாண்டவர் 538 பேர்!

காரணம் விளக்கில் மட்டும் இல்லை. மெழுகுவத்தியோடு நுழைய முடியாதென்று கைவிடப்பட்டிருந்த வாயு மிகுந்த பகுதிகள், விளக்கின் துணிவில் மீண்டும் திறக்கப்பட்டன. முன்னிலும் ஆழமாக வெட்டினார்கள். விளக்கு இருக்கிறதே என்று காற்றோட்டத்தை நன்றாக அமைப்பதில் அக்கறை குறைந்தது. அசையாத காற்றில் தீயைத் தடுத்த கம்பி வலை, வேகமான காற்றோட்டத்தில் தடுக்கவில்லை. சுடர் வலையின் வழியே வெளியே தள்ளப்பட்டது. வலை துருப்பிடித்து ஓட்டை விழுந்தாலும் அதே கதிதான். மேலும் டேவி விளக்கின் ஒளி மங்கல். வெட்டிய கரியின் அளவுக்கே கூலி. இருட்டில் தடவித் தடவி வெட்டினால் அன்றையக் கூலி போய்விடும். விளக்கைத் திறந்து திரியை வெளிப்படுத்திக்கொண்ட தொழிலாளியை அறிவிலி என்று ஏசுவது எளிது. அவன் வீட்டு அடுப்பையும் நினைத்துப் பார்க்க வேண்டும். பின்னர் விளக்குக்குப் பூட்டு வந்தது. பெல்ஜியத்திலும் பிரான்சிலும் காற்றோட்டத்தைத் தாங்கும் மூடிய விளக்குகள் வந்தன. ஒவ்வொன்றும் முந்தியதன் ஒரு குறையைத் தீர்த்தது.

விளக்குக்கு இன்னொரு பயன் உண்டாயிற்று. திரியைத் தாழ்த்தி வைத்து நோக்கினால், வாயு கலந்த காற்றில் சுடரின்மேல் வெளிர் நீலத் தொப்பி ஒன்று தோன்றும். தொப்பியின் உயரத்தைக் கொண்டு வாயு எவ்வளவு என்று பழகிய கண் சொல்லிவிடும். ஆக, ஒளி தர வந்த விளக்கு அளவுகாட்டியாகவும் ஆயிற்று. ஆனால் வெடிப்புக்குப் பின் பரவும் நச்சு வாயுவை அது காட்டாது. ஜே. எஸ். ஹால்டேன் என்னும் அறிஞர் 1896இல் வெளியிட்ட அறிக்கையில், சுரங்க வெடிப்புகளில் இறந்தோரில் பெரும்பாலார் தீயாலோ அதிர்ச்சியாலோ அன்றிக் கார்பன் மோனாக்சைடு வாயுவால் இறந்தார்கள் என்று நிறுவினார். மனிதனைவிடச் சிற்றுயிர்கள் இவ்வாயுவால் விரைவில் சாய்வதால், அவற்றை உடன் கொண்டு செல்லலாம் என்பது அவர் கருத்து. இவ்வாறுதான் கானரிக் குருவி கூண்டோடு சுரங்கத்துக்குள் சென்றது. 1906 மார்ச் 10ஆம் நாள் பிரான்சின் கூரியேர் சுரங்கத்தில் 1,099 பேர் மாண்டதை எண்ணும்போது, ஒரு குருவியின் விலை என்ன? பிரிட்டிஷ் சுரங்கங்களில் குருவிகளுக்குப் பதில் மின்னணுக் கருவிகளை வைப்பதென்று முடிவானது 1986இல்தான். கருவிகள் மலிந்த காலத்திலும் சுரங்கத்தார் குருவியை விட மனமில்லாதிருந்ததற்குப் பாசம் மட்டும் காரணமன்று. குருவி அளப்பது வேறு, காட்டுவது வேறு என்ற நிலை இல்லை. வாயு அதைத் தொட்டால் அது சாயும்.

நிலக்கரி நமக்கும் அயலான பொருளன்று. சிலாங்கூரின் பத்து ஆராங்கில் 1915 முதல் 1960 வரை கரி வெட்டினார்கள். சீனரோடு தமிழரும் அங்கு உழைத்தனர். வெளியில் குவித்து வைத்தால் தானே கனன்று தீப்பற்றும் இயல்புடையது அக்கரி. மூடப்பட்ட அந்தச் சுரங்கத்தின் நிலைகளைப் பற்றி நம்மவர் எழுதி வைத்தது மிகக் குறைவு என்பது வருந்தத்தக்கது.

நிலத்தடியை விட்டுச் சற்று மேலே வருவோம். சுரங்க நீரை இறைக்கவே முதன்முதல் நீராவிப் பொறிகள் எழுந்தன. அவற்றின் கொதிகலன் வெடிக்காமல் காக்க, டெனிஸ் பப்பின் 1680களில் அமைத்த காப்பு வால்வு இருந்தது. நீராவியின் அழுத்தம் மிகுந்தால், எடை தொங்கும் நெம்புகோலைத் தூக்கிக்கொண்டு ஆவி வெளியேறும். எளிய அமைப்பு. அந்த நெம்புகோலைக் கட்டி வைத்தால்?

1803 செப்டம்பரில் லண்டனுக்கு அருகே கிரீனிச்சில் ரிச்சர்டு டிரெவிதிக் அமைத்த உயர் அழுத்தப் பொறி ஒன்று வெடித்து நால்வர் இறந்தனர். நடந்ததை டிரெவிதிக்கே எழுதியிருக்கிறார். பொறியைக் கவனிக்க வேண்டிய பையன், அடித்தளத்துக் குழியில் விலாங்கு மீன் பிடிக்கப் போய்விட்டான். பொறுப்பை ஒரு கூலியாளிடம் விட்டுச் சென்றான். பொறி வழக்கத்தைவிட வேகமாக ஓடுவதைக் கண்ட அந்த ஆள் அதை நிறுத்தினான். ஆனால் வால்வின் நெம்புகோலை அழுத்திப் பிடித்திருந்த திருகுச்சாவியை எடுக்கவில்லை. ஆவிக்குப் போக வழியில்லை. கொதிகலன் சிதறியது.

இதன்பின் டிரெவிதிக் செய்ததே நம் கதையின் நடு முடிச்சு. மீன் பிடிக்கப் போகும் பையன்களைத் திருத்தலாம் என்று அவர் எண்ணவில்லை. கொதிகலனுக்கு இரண்டு வால்வுகள் வைத்தார். அவற்றுள் ஒன்று பொறியை ஓட்டுபவனின் கைக்கு எட்டாதது. அத்தோடு கொதிகலனில் ஈயத்தால் ஒரு அடைப்பையும் பொருத்தினார். நீர் குறைந்து உலோகம் சூடேறினால் ஈயம் உருகி ஆவிக்கு வழி விடும். காக்கும் கருவி இயக்கும் கருவியினின்று தனித்திருக்க வேண்டும் என்ற கொள்கைக்கு இதைவிடத் தெளிவான பழைய சான்றை நாம் கண்டதில்லை. 1998இலிருந்து வெளிவந்த ஐ.இ.சி. 61508 என்ற அனைத்துலகத் தரநூல் பல பாகங்களில் விரித்துரைக்கும் கருத்துகளுள் ஒன்று இதுவே.

வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவியையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1788இல் ஜேம்ஸ் வாட் தம் நீராவிப் பொறியில் இரு இரும்பு உருண்டைகளைச் சுழல விட்டார். வேகம் கூடினால் உருண்டைகள் அகன்று எழும். ஆவி வழி குறுகும். வேகம் குறைந்தால் அவை தாழும், வழி அகலும். பொறி தன்னைத் தானே திருத்திக்கொள்ளும். இதன் கணக்கை மாக்ஸ்வெல் 1868இல் எழுதினார். இன்றையக் கட்டுப்பாட்டு இயலுக்கு அது ஒரு தாய். ஆயினும் உருண்டைகளைச் சுழற்றியது பல இடங்களில் ஒரு தோல் பட்டை. பட்டை அறுந்தால் உருண்டைகள் தாழ்ந்துவிடும். தாழ்ந்த உருண்டைக்கு ஒரே பொருள்தான் உண்டு: வேகம் போதவில்லை. ஆவி வழி அகலத் திறக்கும். பொறி வெறிகொண்டு ஓடும். பெரிய சக்கரம் சிதறி ஆலையின் சுவரைப் பெயர்க்கும். காவற்கருவி இறந்த வேளையில் 'இன்னும் வேகம் வேண்டும்' என்று கட்டளையிட்டுவிட்டு இறந்தது! பட்டை அறுந்தால் ஆவி தானே அடைபடும் ஏற்பாடு பின்னர் வந்தது. வெஸ்டிங்ஹவுஸ் 1872இல் அமைத்த இரயில் பிரேக்கும் இந்த முறையைப் பின்பற்றியதே. காற்றுக் குழாய் அறுந்தால் பிரேக் விடுபடாது, இறுகிப் பிடிக்கும்.

சுரங்கத்தார் இந்தப் பாடத்தை எளிதில் கற்றுவிடவில்லை. 1862 ஜனவரியில் ஹார்ட்லி சுரங்கத்தில் நீர் இறைக்கும் பொறியின் பெரும் உத்திரம் முறிந்து, சுரங்கத்துக்கு இருந்த ஒரே வாயிலில் விழுந்து அடைத்தது. 204 பேர் மாண்டனர். சுரங்கம் ஒவ்வொன்றுக்கும் இரு வழிகள் வேண்டும் என்ற சட்டம் அவ்வாண்டே வந்தது. 111 ஆண்டுகள் கழித்து, 1973 ஜூலை 30இல், டார்பிஷயரின் மார்க்கம் சுரங்கத்தில் 29 பேரை இறக்கிக்கொண்டிருந்த கூண்டு நிற்காமல் அடியில் மோதியது. 18 பேர் இறந்தனர். பிரேக்கின் விசை முழுவதும் ஒரே இரும்புத் தண்டின் வழியே சென்றது. தண்டினுள் கண்ணுக்குத் தெரியாமல் வளர்ந்திருந்த விரிசலால் அது முறிந்தது. வழி ஒன்று, தண்டு ஒன்று. கேடு இரண்டும் ஒரே குடும்பம்.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் எண்ணெய் ஆலைகளும் இரசாயன ஆலைகளும் பெருகின. குழாயின் பக்கத்தில் நின்று வால்வைத் திருகியவன் கட்டுப்பாட்டு அறைக்குள் வந்து அமர்ந்தான். அவன் இப்போது பார்ப்பது எண்ணெயை அன்று. எண்ணெயைப் பற்றிய முள்ளையும் விளக்கையும் எண்ணையும்.

1979 மார்ச் 28 அதிகாலை, அமெரிக்காவின் திரீ மைல் தீவு அணுமின் நிலையத்தில் அழுத்தம் தணிக்கும் வால்வு ஒன்று திறந்து, பிறகு மூடாமல் சிக்கிக்கொண்டது. அறையில் அதற்குரிய விளக்கு அணைந்தது. அணைந்தால் வால்வு மூடியது என்று பொருள் கொண்டார்கள். உண்மையில் அந்த விளக்கு வால்வோடு இணைக்கப்படவில்லை. வால்வைத் திறக்கும் மின்சாரத்தோடு இணைக்கப்பட்டிருந்தது. 'மூடு என்று சொல்லியாயிற்று' என்பதே அது சொன்ன செய்தி. 'மூடியாயிற்று' என்று கேட்டவர்கள் பொருள் கொண்டார்கள். இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகக் குளிர்நீர் வெளியேறி, உலையின் உட்பகுதியில் பாதியளவு உருகியது. நல்வேளையாக உயிர்ச்சேதம் உடனடியாக ஏற்படவில்லை.

2005 மார்ச் 23ஆம் நாள் டெக்சஸ் நகரில் பி.பி. நிறுவனத்தின் எண்ணெய் ஆலையில் நடந்தது இதைவிடக் கொடியது. பழுது பார்த்து முடித்த ஒரு பிரிவை மீண்டும் ஓட்டத் தொடங்கினார்கள். 170 அடி உயரமுள்ள வடிகோபுரத்துக்குள் திரவத்தை ஏற்றினார்கள். அடிப்பகுதியில் இருந்த அளவுகாட்டியால் 9 அடி வரைதான் அளக்க முடியும். அதற்குமேல் திரவம் ஏறினால் அதைச் சொல்ல அக்கருவிக்கு மொழியில்லை. அது மட்டுமா? திரவத்தில் மூழ்கிய உருளை ஒன்றின் எடை எவ்வளவு குறைகிறது என்பதைக் கொண்டு மட்டத்தைக் கணிக்கும் வகையைச் சேர்ந்தது அது. உருளை முழுதும் மூழ்கிய பிறகு திரவம் சூடேறி அடர்த்தி குறைந்தது. அடர்த்தி குறைந்தால் உருளையைத் தாங்கும் விசையும் குறையும். கருவி அதை 'மட்டம் தாழ்கிறது' என்று மொழிபெயர்த்தது. கோபுரத்தினுள் 158 அடி வரை திரவம் ஏறியிருந்த வேளையில் அறையின் திரை 9 அடிக்கும் குறைவு என்றும் மெல்லத் தாழ்ந்து வருகிறது என்றும் காட்டிக்கொண்டிருந்தது.

முதல் அபாய அறிவிப்பு வந்தது. தொடக்க வேளையில் அது வருவது வழக்கம் என்று விட்டுவிட்டார்கள். அதற்குமேல் தனியாக இருந்த இரண்டாம் சுவிட்சு இயங்கவே இல்லை. கண்ணால் நேரே பார்க்க அமைந்த கண்ணாடியோ அழுக்கேறிக் கிடந்தது. உள்ளே செல்லும் அளவு ஒரு திரையில், வெளியே வரும் அளவு இன்னொரு திரையில். பொறுப்பிலிருந்தவர்கள் 29 நாட்கள் அல்லது அதற்கும் மேலாக விடுமுறையின்றிப் பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்து களைத்திருந்தார்கள் என்று அமெரிக்க இரசாயனப் பாதுகாப்பு வாரியத்தின் அறிக்கை கூறுகிறது. திரவம் நிரம்பி வழிந்து, உயரமான போக்குக் குழாயிலிருந்து நீரூற்றுப்போல் பீறிட்டது. தீப்பற்றியது. மாண்ட 15 பேரும் அருகில் நிறுத்தியிருந்த தற்காலிகக் கூடங்களிலும் அவற்றைச் சுற்றியும் இருந்த ஒப்பந்த வேலைக்காரர்கள். கோபுரத்தின் மட்டம் பற்றி அவர்களுக்கு யாதொரு தொடர்பும் இல்லை. 180 பேர் காயமுற்றனர்.

அதே ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள், ஞாயிறு விடியலில், இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்டு எண்ணெய்க் கிடங்கில் ஒரு பெட்ரோல் தொட்டி நிரம்பி வழிந்தது. மட்டத்தைக் காட்டும் கருவி அன்று அதிகாலை மூன்று மணிக்குப் பின் அசையாமல் நின்றுவிட்டது. முந்திய மூன்று மாதங்களில் அது பதினான்கு முறை அவ்வாறு நின்றிருந்தது. அதற்குமேல் டிரெவிதிக்கின் இரண்டாம் வால்வைப் போலத் தனித்து நிற்கும் ஒரு சுவிட்சும் இருந்தது. அதைச் சோதிப்பதற்கென ஒரு சிறு நெம்புகோல் உண்டு. நெம்புகோலை வேலை நிலையில் நிறுத்தி வைக்க ஒரு பூட்டு வேண்டும். பூட்டு ஏதோ அலங்காரம் என்று எண்ணிப் போலும், அதை மாட்டவில்லை. நெம்புகோல் இடம் மாறிக் கிடந்தது. சுவிட்சு செயலற்றுப் போனது. காலை 6 மணி 1 நிமிடத்தில் வெடிப்பு. ஞாயிறாக இருந்ததால் 43 பேர் காயத்தோடு தப்பினர். இரண்டாம் காவலனையும் எழுப்பிப் பார்க்க ஆள் வேண்டும் என்பதை டிரெவிதிக் எழுதி வைக்கவில்லை.

இவ்விரு எண்ணெய் விபத்துகளுக்கும் ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் போபாலில் நடந்ததைத் தமிழ் வாசகர்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. 1984 டிசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி யூனியன் கார்பைடு ஆலையின் 610ஆம் எண் தொட்டியிலிருந்து ஏறத்தாழ 40 டன் மெத்தில் ஐசோசயனேட் நச்சு ஆவியாகி நகரத்தின்மேல் கவிந்தது. மத்தியப் பிரதேச அரசு உறுதி செய்த சாவு எண்ணிக்கை 3,787. உண்மை அதனினும் மிகப் பெரிது என்பார் பலர். அந்த ஆலையில் காவற்கருவிகளுக்குக் குறைவில்லை என்பதே நெஞ்சைச் சுடும் செய்தி. தொட்டியைக் குளிர வைக்கும் பொறி இருந்தது. பல மாதங்களாக அது நிறுத்தப்பட்டிருந்தது. நச்சு ஆவியைக் கழுவும் கலம் இருந்தது. அது ஓய்வில் வைக்கப்பட்டிருந்தது. மிஞ்சியதை எரிக்கும் கோபுரம் இருந்தது. பழுது பார்ப்பதற்காக அதன் குழாய் கழற்றப்பட்டிருந்தது. தொட்டியின் அழுத்தம் ஏறியதை அளவுகாட்டி காட்டியது. கண்டவர்கள் அதைப் பெரிதாக எண்ணவில்லை. அன்றிரவு கசிவை முதலில் அறிந்தவை தொழிலாளரின் கண்கள். கண் எரிந்து நீர் வடிந்தால் எங்கோ கசிகிறது என்பது அந்த ஆலையில் பழகிய வழக்கம். ஹால்டேன் கூண்டுக்குள் வைத்த குருவியின் வேலையை அங்கே மனிதரே செய்துகொண்டிருந்தார்கள்.

கருவி பொய் சொன்னதையும், கருவியைத் தூங்க வைத்ததையும் பார்த்தோம். மூன்றாவது வகை ஒன்று உண்டு. கருவியும் மனிதனும் உண்மையையே சொல்கிறார்கள்; அதைக் கேட்பார் இல்லை.

நியூசிலாந்தின் தென்தீவில், கிரேமவுத் நகருக்கு அப்பால் மலைக்குள் அமைந்தது பைக் ரிவர் நிலக்கரிச் சுரங்கம். புதியது, நீரைப் பீய்ச்சிக் கரியை உடைக்கும் புது முறையைக் கையாண்டது. சுரங்கத்துக்குக் காற்றை இழுக்கும் முதன்மை விசிறியை வெளியில் வைக்காமல் நிலத்தடியிலேயே வைத்தார்கள். நிலக்கரிச் சுரங்கங்களில் உலகில் வேறெங்கும் இல்லாத ஏற்பாடு அது. வெளியேற 2.3 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரே சுரங்கப் பாதை. மற்றொரு வழி என்று காட்டப்பட்டது நூறு மீட்டருக்கும் மேற்பட்ட காற்றுக் குழியில் ஏணி. புகை சூழ்ந்தால் அதில் ஏறி வருவது நடவாத காரியம். ஹார்ட்லியில் 204 பேர் மாண்டு ஏறத்தாழ 150 ஆண்டுகள் சென்றிருந்தன.

2010 நவம்பர் 19ஆம் நாள் பிற்பகல் சுரங்கம் வெடித்தது. உள்ளே 31 பேர் இருந்தனர். இருவர் தட்டுத்தடுமாறி வெளியே வந்தனர். ஐந்து நாட்கள் கழித்து மற்றொரு வெடிப்பு நிகழ்ந்ததும், எஞ்சிய 29 பேரைப் பற்றிய நம்பிக்கை அற்றது.

அரசு நியமித்த விசாரணைக் குழு 2012இல் தன் அறிக்கையை வெளியிட்டது. வெடிப்புக்கு முந்திய 48 நாட்களில், மீத்தேன் வெடிக்கும் அளவை எட்டியதாக 21 அறிவிப்புகள் எழுதப்பட்டிருந்தன. அதனினும் குறைந்த, ஆனால் ஆபத்தான அளவு இருந்ததாக மேலும் 27 அறிவிப்புகள். வாயு உணரும் கருவிகள் சில பழுதுற்றுக் கிடந்தன என்பது மெய்யே. ஆனால் நிலத்தடி மேற்பார்வையாளர்கள் தங்கள் வேலை முடிவில் தாளில் எழுதி வைத்த செய்தி, உற்பத்தியைத் தொடங்குவதில் முனைந்திருந்த நிருவாகத்தின் எண்ணத்தைத் திருப்பவில்லை. 1812இல் சுரங்கத் தொழிலாளியிடம் இல்லாத ஒன்று 2010இல் இருந்தது: வாயு எவ்வளவு என்று எண்ணில் அறியும் வழி. அந்த எண் காகிதத்தில் ஏறியது. காகிதம் கோப்பில் ஏறியது.

2019இல் பெரும் செலவில் சுரங்கப் பாதையை மீண்டும் திறந்து ஆராயத் தொடங்கினார்கள். இறந்தோரின் குடும்பத்தார் ஆண்டுக்கணக்காகப் போராடிப் பெற்ற உரிமை அது. 2021 பிப்ரவரியில் வேலைக்குழு ஏறத்தாழ 2.2 கிலோமீட்டர் உள்ளே சென்று, கூரை இடிந்து அடைத்த பாறைக் குவியலை அடைந்தது. அதற்கு அப்பால் செல்லவில்லை. வெடிப்புக்குக் காரணமான தீப்பொறி எங்கிருந்து பிறந்தது என்பதற்குச் சான்றாகக் கூடிய அந்த நிலத்தடி விசிறி, பாறைக் குவியலுக்கு மறுபுறம் கிடக்கிறது. 29 பேரும் அதற்கும் அப்பால்.